நான்காவது ‘கடைசியாக’

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனும், இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தங்கள் குடும்பத்தாரால் பொறுத்துக்கொள்ளப்பட்டு வருபவனுமாகிய போதகன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான், தங்கள் தங்கை, தங்கள் மருமகள் மூவரும் சுகம்; என் மூக்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே தாங்களும் அக்காவும், தங்கள் வலது முழங்காலும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். முழங்காலுக்காகத் தனியாக வேண்டிக்கொள்கிறேன் என்பதற்குத் தங்கள் தங்கையே சாட்சி.

பேராயர் அலுவலகத்திலிருந்து தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மூன்று வாரங்களுக்கு முன் நான் அனுப்பிய மாற்றல் விண்ணப்பத்தைப் பேராயர் மேசைக்கு அனுப்பாமல் தங்கள் இழுப்பறையிலேயே வைத்திருப்பதாகவும், வெள்ளிக்கிழமை மாற்றல் குழு கூடுவதற்குள் ‘கோபத்தில் எழுதாத காரணங்கள்’ நாலைந்தை அனுப்பினால் விண்ணப்பக் கட்டின் மேலே வைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். விண்ணப்பத்தில் இருந்த காரணங்களெல்லாம் கோபத்தில் எழுதியவை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்களோ தெரியவில்லை. காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்திருந்ததை வைத்துச் சொல்கிறீர்கள் என்றால் அது பேனாவின் குற்றம். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவன் அல்ல. எங்கள் கல்யாண விருந்தில் நீங்கள் எழுந்து நின்று, “மாப்பிள்ளை வீட்லயும் இவ்வளவு நேரம் பேசுவாரா, இல்ல சர்ச்சுல மட்டும்தானா?” என்று கேட்டு முந்நூறு பேரைச் சிரிக்க வைத்தீர்களே, அதைக்கூட நான் அன்றே மறந்துவிட்டேன். நீங்கள் அப்போது சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தீர்கள்.

காரணங்களுக்கு வருகிறேன். என்னோடு இறையியல் கல்லூரியில் படித்த நண்பன் ஒருவனைத் தங்களுக்கு நினைவிருக்கும். குரல் வழுக்கிக்கொண்டு போகும் என்பதால் ‘தேன்குழாய்’ என்று கூப்பிடுவோம். அவன் அடுத்த மாதம் வெளிநாடு போகிறான், அவனுடைய பெரிய சபை காலியாகிறது, அதைத்தான் நான் கேட்டிருக்கிறேன். கல்லூரியில் கிரேக்கப் பாடத்துக்கு நான் எழுதிய குறிப்புகளை வாங்கிப் படித்து அவன் முதல் பரிசு வாங்கினான், நான் இரண்டாவது. குறிப்பைத் திருப்பித் தந்தபோது அதில் இரண்டு இலக்கணப் பிழை இருப்பதாகவும் சொன்னான். அவன் சபையில் இன்று லிஃப்ட் இருக்கிறது. என் சபையில் பிரசங்க பீடத்துக்கு ஏறும் மூன்றாவது படி ஆடுகிறது. நாலு வாரத்துக்கு முன் அவனை ஒரு ஞாயிறு பிரசங்கத்துக்கு அழைத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை, அந்தத் தப்பை நானாகவே செய்தேன். பதினெட்டு நிமிடம் பேசினான். அதில் ஒரே ஒரு ‘கடைசியாக’. சொன்னான், முடித்தான், இறங்கினான். அவனுக்கு மூன்றாவது படி ஆடவில்லை. மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, “எங்க சபையில மேடைக்கு மட்டும்தான்டா விளக்கு. ஜனங்க பக்கம் முழுக்க இருட்டு. ஒரு முகமும் தெரியாது. நிம்மதியாப் பேசிட்டு வந்துடலாம்” என்று ரகசியம் போலச் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது.

அவன் போனபிறகு தங்கள் தங்கை தட்டுகளை அடுக்கிக்கொண்டே, “அவர் ஒரு தடவை சொன்னா ஒரு தடவைதான்” என்றாள். எதை என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். பதில் சொன்னது பதினேழு வயதான தங்கள் மருமகள். “அதாம்ப்பா, ‘கடைசியாக’. அந்த அங்கிள் கடைசின்னா கடைசி. நீங்க கடைசின்னா அது இடைவேளை.” அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நான் ஒவ்வொரு பிரசங்கத்திலும் நான்கு முறை ‘கடைசியாக’ என்று சொல்கிறேனாம். அது எனக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியாது. கோபுரத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கி என் குரலைத் தெரு முழுக்கக் கொண்டுபோவதால் தெருவே என் ‘கடைசியாக’வை எண்ணிக்கொண்டிருக்கிறது. முதல் ‘கடைசியாக’ கேட்டதும், எங்களுக்கு ஆர்கன் வாசிக்கும் தையல்காரர் எதிர்ச்சாரி டீக்கடையில் இரண்டாவது டீ சொல்வார். பிரசங்கம் ஆரம்பித்ததும் அவர் பின்வாசல் வழியாகப் போய்விடுவார் என்பதே எனக்குப் புதுச்செய்தி. இரண்டாவதுக்கு ஒரு பெண்மணி பக்கவாசல் வழியாக நழுவிப்போய் அடுப்பைப் பற்றவைப்பாள். எந்தப் பெண்மணி என்று நான் சொல்ல வேண்டியதில்லை, தங்களோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள். மூன்றாவதுக்குப் பாடகர் குழு செருப்பை மாட்டிக்கொள்ளும், முதல் பெஞ்சில் தூங்கும் பெரியம்மாவை யாராவது தோளில் தட்டி எழுப்புவார்கள். நான்காவது சொல்லும்போது நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடிப்பேனாம். “கண்ணாடி கழண்டாதான்ப்பா நிஜம்.” அதோடு வாட்ச்மேன் முடிதிருத்தும் கடையிலிருந்து எழுந்து வந்து கேட்டைத் திறப்பார்.

யோசித்துப் பாருங்கள் மச்சான். ஒன்பது வருடமாக என் சொந்த மனைவி என் பிரசங்கம் ஒன்றின் முடிவைக்கூடக் கேட்டதில்லை. இதை நான் குற்றமாகச் சொன்னபோது, “முடிவு எனக்குத் தெரியாதா? அதான் வீட்ல தினமும் கேக்கறேனே” என்றாள். அன்று சாயங்காலமே விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு வாரம் திருத்தி எழுதி அனுப்பினேன்.

இன்னொரு காரணம் சபைச் செயலர். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வே அவரை விட்டுவிட்டது, அவர் அதை விடவில்லை. கையில் சங்கிலிக் கடிகாரம், பையில் ஒரு நீளநோட்டு. சபைக் கூட்டக் குறிப்பில் அவர் எழுதுவதை அப்படியே தருகிறேன்: “பிரசங்கம் 10.00க்குப் புறப்பட்டது. 10.51க்கு வந்து சேர்ந்தது. தாமதம் 21 நிமிடம். காரணம்: வழக்கமானது.” இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதது கூரை. நாங்கள் குடியிருக்கும் குருமனையில் நான் படிக்கும் அறை இருக்கிறதே, அதில் சரியாக என் மேசைக்கு மேலே ஆறு வருடமாக ஒழுகுகிறது. மேசையை நகர்த்தலாமே என்பீர்கள். நகர்த்தினேன். ஒழுகலும் நகர்ந்தது. மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீல வாளி வைத்திருக்கிறோம், அது இப்போது குடும்பத்தில் ஒருத்தி மாதிரி. மன்னிப்பைப் பற்றி நான் எழுதிய மிக நல்ல பிரசங்கத்தில் நடுப்பக்கம் முழுவதும் கரைந்துபோய், அந்த ஞாயிறு நான் மன்னிக்க வேண்டிய அவசியத்திலிருந்து நேராக ஆமெனுக்குப் போக வேண்டியதாயிற்று. ஆறு வருடத்தில் பதினாலு முறை கூரையைப் பற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினாலு முறையும் செயலர் தம் அழகான கையெழுத்தில், “கூரை: பரிசீலனையில்” என்று எழுதியிருக்கிறார். வேறு ஒரு வார்த்தை கிடையாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்னமோ. என் சளிக்கு மூல காரணம் இவர்தான் என்று தாங்கள் விண்ணப்பத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

தேன்குழாய் பதினெட்டு நிமிடம் பேசினான் என்றால் நான் பன்னிரண்டில் முடிப்பது என்று வைராக்கியம் எடுத்தேன். தலைப்பு, பொறுமை. மூன்று வாரம் உட்கார்ந்து இருபத்தைந்து பக்கத்தை ஆறு பக்கமாக வெட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. பத்து மணிக்கு ஏறினேன், படி ஆடியது, பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். பத்து பதினொன்றுக்கு, “கடைசியாக” என்று சொன்னேன். ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லி, ஆமென் சொல்லி, இறங்கி வந்து நின்றேன். அவசரத்தில் கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டேன்.

ஒரு சத்தம் இல்லை. யாரும் எழவில்லை, யாரும் பாடவில்லை. ஆர்கன் முன்னால் வெறும் முக்காலி. பாடகர் குழுவில் ஒருவர் ஆரஞ்சுப் பழத்தைப் பாதி உரித்த நிலையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. செயலர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், குலுக்கினார், மறுபடி காதில் வைத்தார். அப்புறம் எழுந்து என்னிடம் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து, “ஐயா, தலை சுத்துதா? இப்படி உக்காருங்க” என்றார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல. முடிச்சிட்டேன்.”

“எத முடிச்சிட்டீங்க?”

“பிரசங்கத்த.”

அவர் என் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு எண்ணிக்கொண்டிருந்த தம் விரல்களைப் பார்த்தார். “இன்னும் மூணு இருக்கே ஐயா?”

அதற்குள் பாடகர் குழுவைச் சேர்ந்த நர்ஸம்மா ஓடி வந்து, ஊரார் அத்தனை பேர் முன்னாலும் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஒருவர் தண்ணீர் கொண்டு வந்தார். யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். யாரோ அந்த ஜன்னலை மூடச் சொன்னார்கள். தங்கள் தங்கை எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அடுப்பு கூடப் பத்த வைக்கல” என்றாள். டீக்கடைக்கு ஆள் ஓடியது. தையல்காரர் வாயில் பிஸ்கட்டோடு வந்து விழுந்தடித்து உட்கார்ந்து, பதற்றத்தில் கல்யாணங்களுக்கு மட்டும் வாசிக்கும் பாட்டை வாசித்துவிட்டார். “ஒலிபெருக்கி சத்தம் நின்னதும் கரண்ட் போயிடுச்சுன்னு நெனச்சேன் ஐயா. நீங்க முடிச்சிருப்பீங்கன்னு சத்தியமா தோணல” என்று அப்புறம் சொன்னார்.

இதோடு தீர்ந்ததா? கேட் பூட்டியிருந்தது, பின்வாசல் சந்தில் வண்டி எதுவும் நுழையாது. கடைத்தெருவுக்கு வருகிறவர்கள் எங்கள் முற்றத்தில் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள் என்று ஆராதனை நேரத்தில் கேட்டைப் பூட்டிவிடுவது வழக்கம். சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் முகத்தில் சோப்பு நுரையோடு எந்தக் கடையில் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அன்று அவர் வழக்கமான கடை விடுமுறை. ஆக, பொறுமையைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் கேட்ட ஜனங்கள் முப்பத்தெட்டு நிமிடம் வெயிலில் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று அதைப் பயிற்சி செய்தார்கள். நான் உடை மாற்றும் அறை ஜன்னலோரம் நின்றிருந்தேன். அவர்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. முதல் ஐந்து நிமிடத்தில் எனக்குத் தலைச்சுற்றல். பத்தாவது நிமிடத்தில் ரத்தக்கொதிப்பு. “நெஞ்சுல ஏதோ அடைப்பாம், டாக்டர் அதிகம் பேசக்கூடாதுன்னுட்டாராம்” என்று ஒருவர் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. போன வருடம் தன் மகள் கல்யாணத்தில் நான் நீளமாக ஜெபித்ததால் சாப்பாடு ஆறிப்போனது என்று என்னோடு எட்டு மாதம் பேசாதிருந்தவர் அவர்.

அந்த ஜன்னலில் நின்றபோது ஒன்று தோன்றியது, தங்களிடம் சொன்னால் சிரிக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நான் ஒவ்வொரு முறை ‘கடைசியாக’ என்று சொல்லும்போதும் உண்மையாகவே முடிக்கத்தான் சொல்கிறேன், ஏமாற்றுவதற்கு அல்ல. சொன்ன அடுத்த நொடி ஏதாவது ஒரு முகம் கண்ணில் பட்டுவிடும். வேலை போனவர் ஒருவர் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். புதிதாகக் குழந்தை பெற்றவள் கண்ணைத் திறக்க முடியாமல் இருப்பாள். இவருக்கு என்று நான் ஒன்றுமே சொல்லவில்லையே என்று இருக்கும். அதைச் சொல்லிவிட்டு முடிக்கப் பார்த்தால் அடுத்த முகம். ஆண்டவர் என்னிடம் நேரில் எதையும் பேசியதில்லை மச்சான். இத்தனை வருட ஊழியத்தில் ஒரு கனவுகூட வந்ததில்லை, இது பேராயருக்குத் தெரிய வேண்டாம். எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்த முகங்கள்தான். மேலேயிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் தெரியும், எங்கள் சபையில் விளக்கு வசதி அப்படி. நாலு குழல்விளக்கு, நாலும் ஜனங்கள் தலைக்கு மேலே, போதகர்தான் இருட்டில். அந்த ஞாயிறு ஒரு முகத்தையும் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தே பேசினேன். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்ததன் ரகசியம் அதுதான். சரி, இதெல்லாம் மாற்றலுக்குச் சம்பந்தமில்லாதது, விடுங்கள்.

கடைசியாக, அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றியும் சொல்லாவிட்டால் இந்த ஜனங்களோடு நான் படும் பாடு தங்களுக்கு முழுசாகப் புரியாது.

நாலு மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. பழம், ரொட்டி, சூப்பு, கோழிக்குஞ்சு போல ஒரு கம்பளித் தொப்பி. எனக்கு ஒன்றுமில்லை என்று நான் சொல்லச் சொல்ல, “பாவம், தெரியாத மாதிரி காட்டிக்கிறார்” என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முதல் பெஞ்சு பெரியம்மா வந்தார். எண்பது வயது, தனியாக இருக்கிறவர். சபையில் என்னை யாருமே ‘டா’ போட்டுக் கூப்பிட மாட்டார்கள், அவரைத் தவிர. கம்பால் தரையில் ஒரு தட்டுத் தட்டி, “என்னடா நெனச்சிட்டிருக்க? என்னை எழுப்பாமலே முடிச்சிட்டியாமே?” என்றார்.

பெரியம்மா மேல் எனக்கு ஒன்பது வருடக் கோபம். எந்தப் போதகனாக இருந்தாலும் முதல் பெஞ்சில் நேர் எதிரே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினால் அது ஒரு விமர்சனம்தானே? அன்று கேட்டே விட்டேன். “நீங்கதான் முதல் பாட்டுலயே தூங்கிடறீங்களே பெரியம்மா. நான் பன்னெண்டு நிமிஷம் பேசினா என்ன, அம்பது நிமிஷம் பேசினா என்ன?”

“பன்னெண்டு நிமிஷத்துல நான் என்னத்தத் தூங்கறது?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “வீட்ல படுத்தா கண்ணு மூட மாட்டேங்குதுடா. ஒரு மனுஷ சத்தம் கிடையாது. செவுரு எவ்வளவு நேரம் பேசும்? வாரத்துல அந்த ஒரு மணி நேரம்தான் நல்லாத் தூங்கறேன். பக்கத்துல ஒருத்தன் பேசிக்கிட்டே இருக்கான், இப்ப நிறுத்த மாட்டான்னு ஒரு தெம்பு. நீ பாட்டுக்குப் பட்டுனு நிறுத்திட்டா?”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்தார். தங்கள் தங்கை அவருக்கு என் சூப்பை ஊற்றிக் கொடுத்தாள். என் ஒன்பது வருடக் கோபத்தை ஐந்து நிமிடத்தில் காலி செய்துவிட்டு, சூப்பில் உப்பு இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். நான் இனி முதல் பெஞ்சைப் பார்த்து எதை நினைத்துக் கொதிப்பது?

எல்லோரும் போனபிறகு செயலர் வந்தார். படிப்பறை வாசலில் நின்றார். வாளியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

“நர்ஸம்மாகிட்ட கேட்டேன். உங்க நாடி குதிரை மாதிரி இருக்காம். அப்ப உடம்பு இல்ல. உடம்பு இல்லன்னா வேற ஒண்ணுதான் இருக்கணும். சர்வீஸ்ல கடைசி நாள்ல இருக்கிறவன்தான் சீக்கிரம் பொட்டியக் கட்டுவான். நேரா கேக்கறேன் ஐயா. மாத்தல் கேட்டிருக்கீங்களா?”

பொய் சொல்லும் வசதி என் தொழிலில் இல்லை. விண்ணப்பம் போயிருக்கிறது என்று சொன்னேன்.

அவர் கடிகாரத்தை எடுத்தார், மணி பார்க்காமலே பையில் போட்டார். பிறகு, “சரிங்க ஐயா. அப்ப இனிமே என்ன? செவ்வாக்கெழமையே ஆளக் கூப்பிட்டுக் கூரையச் சரி பண்ணிடறேன்” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “ஆறு வருஷமா பதினாலு தடவை எழுதிக் கொடுத்தேன். அப்பல்லாம் வராத ஆளு, நான் போறேன்னதும் வருதா?” என்று கத்திவிட்டேன்.

“அதனாலதான் வருது ஐயா.” தலையைச் சொறிந்தார். “உங்களுக்கு முன்னாடி இருந்த ஐயாவுக்குக் குருமனைத் தரையப் புதுசாப் போட்டோம். நாலு மாசத்துல மாத்தல். அவருக்கு முன்னாடி இருந்தவருக்கு வெள்ளையடிச்சோம். காயறதுக்குள்ள மாத்தல். அதுக்கும் முன்னாடி ஒருத்தருக்கு ஜன்னல் மட்டும்தான் மாத்தினோம்...” ஒரு கையை ரயில் போவது போலக் காட்டினார். “அதனால உங்க விஷயத்துல எதையும் தொடறதில்லன்னு கமிட்டியில முடிவு பண்ணோம். குறிப்புல எழுத முடியாது, பாருங்க. மூடநம்பிக்கை கூடாதுன்னு நீங்க வேற மூணு வாரம் பிரசங்கம் பண்ணீங்க. தாமதம் மொத்தம் ஒரு மணி பத்து நிமிஷம்.”

மச்சான், இந்த மனிதர்களை என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள். என்னைத் தக்கவைத்துக்கொள்வதற்காக என்னை ஆறு வருடம் நனைய விட்டிருக்கிறார்கள். என் மூக்கிலிருந்து வழிந்ததெல்லாம் இவர்களுடைய பாசமாம். ஏதாவது கிரேக்க நூலில் இதற்கு ஒரு வார்த்தை இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், இல்லை. போகும்போது அவர் திரும்பி, “ஒண்ணு சொல்லட்டுமா ஐயா? வண்டி லேட்டா வந்தா ஜனங்க திட்டுவாங்க, ஆனா ஏறிடுவாங்க. முன்னாடியே வந்துட்டுப் போயிட்டா ஒருத்தனும் ஏற முடியாது” என்றார். இருபத்தோரு நிமிடத் தாமதத்தை ஒன்பது வருடமாக எழுதி வைத்தவர் பேசுகிற பேச்சா இது!

கடைசியாக, தங்களை வேண்டிக்கொள்வது இதுதான். இப்படிப்பட்ட மூடநம்பிக்கையும் முன்யோசனையும் கலந்த ஒரு சபையில், என் மேல் பாசம் வைக்கத் தெரியாமல் வைக்கிற ஜனங்கள் நடுவில், ஒரு கண்ணியமான மனிதன் வேலை செய்ய முடியாது. இதோ நிதானமாக, கோபமே இல்லாமல், காகிதம் கிழியாமல் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை என் விண்ணப்பத்தைக் கட்டின் மேலே வையுங்கள். தங்கள் மருமகள், “நீங்க போங்கப்பா, நான் பரீட்சை முடிச்சிட்டு வரேன்” என்கிறாள். தங்கள் தங்கையிடம் கேட்டேன், “சொட்டு விழுற சத்தம் இல்லாத வீட்ல எனக்குத் தூக்கம் வருமான்னு தெரியல” என்றாள். இரண்டையும் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு என் மரியாதையான அன்பு. தங்கள் பிள்ளைகளுக்குத் தலைமேல் கை வைத்து ஆசீர்வாதம். மூத்தவன் உயரமாகிவிட்டான் என்று கேள்விப்பட்டேன், அவன் குனியட்டும். தங்கள் முழங்கால் மேல் ஆண்டவரின் கண் இருப்பதாக.

தங்கள் உண்மையுள்ள,
தங்கையின் கணவன்

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். வந்து பார்த்தால் தங்கள் தங்கை அதை முழுசாகப் படித்து முடித்திருந்தாள். முடிவையும் சேர்த்து, முதல் முறையாக. கையில் பென்சில். மூன்று இடத்தில் வட்டம் போட்டிருக்கிறாள், தாங்களே பார்க்கலாம். “இன்னும் ஒண்ணு இருக்கே” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

இன்று செவ்வாய். காலையில் லேசாக மழை. கூரை வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் ஏணியோடு வந்துவிட்டார்கள், பின்னாலேயே செயலர், அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்தார்கள். ஒருவர் முதல் படியில் கால் வைத்தார். எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை, செருப்புகூடப் போடாமல் முற்றத்துக்கு ஓடி, ஏணியைப் பிடித்துக்கொண்டு, “இறங்குங்க. கூரை பரிசீலனையில இருக்கு” என்றேன். செயலர் நோட்டை எடுத்தார். ஏதோ எழுதினார், பேனா ஓடவில்லை, உதறினார், மறுபடி எழுதினார். “அப்ப வண்டி, ஐயா?” என்று கேட்டார். வண்டி இங்கேயேதான் நிற்கிறது என்று சொன்னேன். மூக்கைச் சிந்திக்கொண்டார். இவருக்கு எப்படிச் சளி பிடித்தது என்று தெரியவில்லை, இவர் வீட்டில் ஒழுகல் இல்லை.

வாளியில் சொட்டு விழுந்துகொண்டிருக்கிறது. வரும் ஞாயிறுக்கு மறுபடி பொறுமையைப் பற்றியே பேசப் போகிறேன்; வெட்டிப் போட்ட பத்தொன்பது பக்கம் அப்படியே இருக்கிறது. இதைக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக: விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், மச்சான்.